பொங்கல் அன்னைக்கு ஸ்டேஷன்ல ஆளே இல்ல. யாரைப் போய்க் கேக்குறது?

வடகரைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

தைப்பொங்கல் அன்னைக்கு விடியக்காலை அஞ்சரை மணி. அம்மா வாசல்ல குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. பைக்குல ரெண்டு பேர் வந்து நின்னு, "பாட்டி, இந்தத் தெரு அங்கிட்டுப் போகுமா?"ன்னு கேட்டிருக்காய்ங்க. நிமிர்ந்து பார்த்ததும் கழுத்துல கைய வச்சுட்டாய்ங்க. அம்மா தாலியை மட்டும் உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அஞ்சு பவுன் சங்கிலி போயிருச்சு. பவுன் லட்சத்தைத் தாண்டி நிக்கிற நேரம், நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. கழுத்தைச் சுத்திக் கோடு கிழிச்ச மாதிரி ரத்தம். கோலம் பாதியில நிக்குது, காவிக் கிண்ணம் உருண்டு சாக்கடை ஓரம் கெடக்கு.

ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன்னு இங்க சொல்லலை, வைகைக்கு வடக்கேன்னு வச்சுக்கங்க. உள்ள ரைட்டர் ஒருத்தர், வாசல்ல பாரா பார்க்கிற பொம்பளை போலீஸ் ஒருத்தங்க. அம்புட்டுத்தான். மேசையில யாரோ வச்சுட்டுப்போன கரும்புத் துண்டு, பக்கத்துல வயர்லெஸ் மைக் கரகரன்னு கத்திக்கிட்டு இருக்கு. "எல்லாரும் அவனியாபுரம் போயிருக்காங்க தம்பி, மாடு அவுக்குற இடத்துக்கு. சாயங்காலம் வாங்க"ன்னாரு. சாயங்காலம் போனா நாளைக்கு வாங்கன்னாரு. மூணாம் நாள்தான் மனு வாங்கினதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்துச்சு. எஃப்.ஐ.ஆர். இன்னும் போடலை.

நான் கேக்குறது அந்த ரைட்டரை இல்ல, அவரு பாவம். மேல உக்காந்திருக்கிறவங்களைக் கேக்குறேன். மாட்டுக்கு எத்தனை பேர், மனுசனுக்கு எத்தனை பேர்னு பிரிச்சு வைக்கிறதுதானே தலைமையோட வேலை? அதுகூடத் தெரியாமலா அந்த நாற்காலியில உக்காருறாங்க?

முக்குக்கடை_முத்து

மொதல்ல அம்மா நல்லாருக்காங்களா ப்ரோ? சி.எஸ்.ஆர். குடுத்தாங்களே, அதுக்கே சந்தோசப்படுங்க. எங்க மாமா ஒருதடவை புகார் குடுக்கப் போனப்ப ஏ4 பேப்பர் ஒரு கட்டு வாங்கிட்டு வரச் சொன்னாய்ங்க. பக்கத்துக் கடைக்காரனுக்குப் பாதி யாவாரமே அதுல ஓடுது.

சங்கிலி விசயத்துல இம்புட்டு யோசனை எதுக்கு? ஏரியாவுல பழைய ஆளுங்க லிஸ்ட் அவங்ககிட்ட இருக்கும். ரெண்டு பேரைத் தூக்கிட்டு வந்து நாலு தட்டு தட்டினா சாயங்காலத்துக்குள்ள சங்கிலி தானா நடந்து வரும். அதைச் செய்ய ஒரு அதிகாரிக்கும் இப்ப துப்பில்ல.

ஏட்டையா_ஓய்வு

வடகரைத் தம்பி, அம்மாவுக்குக் கழுத்துல டி.டி. ஊசி போட்டீங்களா? ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமா வைங்க, கேசுக்கு வேணும்.

நான் 1988ல ரெண்டாம் நிலைக் காவலரா சேர்ந்தவன். பத்து வருசத்துல முதல்நிலை, பதினஞ்சுல ஏட்டு, இருபத்தஞ்சுல சிறப்பு எஸ்.ஐ.ன்னு படிப்படியா ஏறி ரிட்டயர்டு ஆனேன். தெருவுல இன்னும் ஏட்டையான்னுதான் கூப்பிடுறாங்க. பாதி சர்வீஸ் இந்த ஊர்லயே போச்சு. உங்க கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதிலைச் சொல்றேன், கோவப்படாதீங்க.

மதுரையில போலீஸ் வேலைங்கிறது பந்தோபஸ்துக்கு நடுவுல கெடைக்கிற நேரத்துல பார்க்கிறது. உதாரணத்துக்கு ஒரு வருசத்தை மட்டும் எடுத்துக்கங்க. 2025 தைப்பொங்கலுக்கு அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர். அவனியாபுரம் கமிஷனர் பொறுப்பு, மத்த ரெண்டும் மாவட்ட எஸ்.பி. பொறுப்பு. தைப்பூசத்துக்குத் தெப்பம். பிப்ரவரியில திருப்பரங்குன்றம் பிரச்சினை, தடை உத்தரவு, அப்புறம் பழங்காநத்தத்துல கூட்டம். மே மாசம் மீனாட்சி கல்யாணம், தேர், அழகர். ஜூன் 22 முருக பக்தர்கள் மாநாடு. ஆகஸ்ட் 21 பாரபத்தியில த.வெ.க. மாநாடு. டிசம்பர்ல மறுபடியும் திருப்பரங்குன்றம், கார்த்திகை தீபம். இதுக்கு நடுவுல தலைவர்கள் வருகை, குருபூசை, ஊர்வலம், மறியல். இதுல எதையாவது "ஆள் இல்ல, வேணாம்"னு ஒரு கமிஷனரால சொல்ல முடியுமா? சொன்னா கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கிட்டு வந்துருவாங்க. வந்த பிறகு ஒரு நெரிசல் ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது யாரு?

2022 ஏப்ரல்ல அழகர் ஆத்துல இறங்கினப்ப நெரிசல்ல ரெண்டு பேர் செத்தாங்க. 2025 செப்டம்பர் 27ல கரூர்ல 41 பேர். அதுக்கப்புறம் எந்த அதிகாரியும் பந்தோபஸ்துல ஒரு ஆளைக் குறைக்க மாட்டாரு. நூறு பேர் போதும்னு தெரிஞ்சாலும் இருநூறு பேரைத்தான் நிறுத்துவாரு. அந்த மிச்சம் நூறு பேர் உங்க ஸ்டேஷன்ல இருந்துதான் வரணும்.

இன்னொண்ணு. நகரத்து ஸ்டேஷன்ல சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர்னு தனித்தனியா இருப்பாங்க. திருடனைப் பிடிக்க வேண்டியவர் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். பொங்கல் அன்னைக்கு அவரும் வாடிவாசல் பக்கம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னிருப்பாரு. பேருதான் தனிப்பிரிவு. திருடனுக்கும் இது தெரியும் தம்பி. ஊரே மாட்டைப் பார்க்கப் போற அன்னைக்குத்தான் அவன் சங்கிலியைப் பார்க்க வர்றான்.

முத்து தம்பி, பேப்பர் கதை உண்மைதான். நானே வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன், பொய் சொல்ல விரும்பலை. ஸ்டேஷன் செலவுக்கு வர்ற காசு மாசம் பாதிக்குமேல நிக்காது. அப்ப ரைட்டர் கையில இருந்து போடணும், இல்ல வர்றவங்ககிட்ட கேக்கணும். இன்னைக்குப் பேப்பர் வாங்குற கை நாளைக்கு வேற என்ன வாங்கும்னு உங்களுக்கே தெரியும்.

கறுப்புக்கோட்டு

வழக்கறிஞர், ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட்டுல பிராக்டீஸ். இழைக்காரருக்கு மொதல்ல உபயோகமான விசயம்.

சி.எஸ்.ஆர். வேற, எஃப்.ஐ.ஆர். வேற. சி.எஸ்.ஆர். உங்க மனு வந்துச்சுங்கிறதுக்கு ரசீது, அவ்வளவுதான். 2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டம். பாரதிய நியாய சன்ஹிதாவுல 304வது பிரிவுன்னு பறிப்புக்குத் தனிக் குற்றமே வந்திருக்கு, மூணு வருசம் வரைக்கும் தண்டனை. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம், அதனால எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும். மூணு வருசத்துல இருந்து ஏழு வருசத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா, முகாந்திரம் இருக்கான்னு பார்க்க 14 நாள் முதற்கட்ட விசாரணை பண்ணலாம். அதுக்கும் டி.எஸ்.பி. அந்தஸ்துல உள்ளவர் அனுமதி வேணும். யாரும் வாய்வார்த்தையா "பார்ப்போம்"னு சொல்லிட்டு உக்காந்திருக்க முடியாது. போடலைன்னா மேலதிகாரிக்கு எழுத்துல, பதிவுத் தபால்ல மனு. அதுக்கும் அசையலைன்னா அபிடவிட்டோட மாஜிஸ்திரேட்கிட்ட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 175(3)படி மனு.

முத்து சொன்ன "நாலு தட்டு" விசயத்துக்கு வர்றேன். 2025 ஜூன்ல மடப்புரம். நம்ம ஊர்ல இருந்து எவ்வளவு தூரம்? திருப்புவனத்தைத் தாண்டினா வந்துரும். காருக்குள்ள வச்ச நகையைக் காணோம்னு ஒரு புகார், இவரு அம்மா சங்கிலி மாதிரிதான். கோயில் காவலாளியை ஒரு தனிப்படை கூட்டிட்டுப் போச்சு. நகை எங்கன்னு கேட்டு நாலு தட்டு, அப்புறம் நாற்பது. அந்தப் பையன் ஜூன் 28ல செத்தே போனான். அஞ்சு போலீஸ்காரங்க கைது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போச்சு, மாவட்ட எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்குப் போனாரு. உங்க யோசனையை ஒருத்தர் செஞ்சு பார்த்ததோட கதை இதுதான் முத்து.

முக்குக்கடை_முத்து

அண்ணே, நான் சாகடிக்கச் சொல்லலையே. எல்லாத்தையும் மடப்புரத்துல கொண்டுபோய் முடிச்சா எப்படி? திருடன் கையில சங்கிலி இருக்கு, போலீஸ் கையில சட்டப் புத்தகம் இருக்கு. இழப்பு யாருக்கு?

ஏட்டையா_ஓய்வு

முத்து தம்பி, யாருமே சாகடிக்கணும்னு ஆரம்பிக்கிறதில்ல. எப்படி ஆரம்பிக்கும்னு சொல்றேன், நான் பார்த்தது.

மாசாமாசம் குற்றக் கூட்டம் நடக்கும். பெரிய மேசை, எதிர்ல திரை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இத்தனை கேஸ், இத்தனை கண்டுபிடிப்பு, இத்தனை பவுன் மீட்புன்னு ஒரு வரி. கம்மியா இருக்கிற இன்ஸ்பெக்டரை எழுப்பி நிக்க வைப்பாங்க. முப்பது பேர் முன்னாடி அம்பது வயசு ஆளு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பாரு. வெளியே வந்ததும் எஸ்.ஐ.யைக் கூப்பிட்டு அதே பாட்டைப் பாடுவாரு. எஸ்.ஐ. எங்ககிட்ட பாடுவாரு. நாங்க யாருகிட்ட பாடுறது? பெஞ்சுல ஒருத்தன் உக்காந்திருப்பான், அவன்கிட்டதான். மேல மைக்குல விழுந்த திட்டு, நாலு படி இறங்கி வந்து லத்தியா மாறும்.

தனிப்படை இன்னும் மோசம். அதுல உள்ளவன் பேரு எந்த ஸ்டேஷன் ஜி.டி.யிலயும், அதாவது அன்றாட டைரியிலயும், இருக்காது. எங்க போனான், யாரைக் கூட்டிட்டு வந்தான், எங்க வச்சிருந்தான், ஒரு எழுத்து இருக்காது. அதிகாரிக்கு ரிசல்ட் மட்டும் வரும். மடப்புரத்துக்குப் பிறகு அனுமதி இல்லாம இருந்த தனிப்படைகளை எல்லாம் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவு போட்டாரு. நல்லதுதான். ஆனா மாசக் கூட்டத்துல அந்தத் திரை அப்படியே இருந்தா, படை வேற பேர்ல வந்துரும்.

என் சர்வீஸ்ல ஒரே ஒரு அதிகாரியைப் பார்த்தேன். பேர் வேணாம். பெரிய வீட்டுத் திருட்டு ஒண்ணு, மேல இருந்து நெருக்குறாங்க. அவரு எங்களைக் கூப்பிட்டு, "எனக்கு வர்ற போனை நான் பார்த்துக்கிறேன். நீங்க அவசரப்படாதீங்க. கைரேகை வரட்டும்"னாரு. பதினெட்டு நாள் ஆச்சு. பதினெட்டு நாளும் அவரு திட்டு வாங்கினாரு, நாங்க நிம்மதியா தூங்கினோம். கைரேகையிலதான் ஆள் மாட்டினான். அவரு மட்டும் எங்களை அவசரப்படுத்தியிருந்தா, நாங்க அடிச்சிருக்கப் போற பையன் வேற ஒருத்தன். தோட்டக்காரன்.

காக்கிவீடு

முதல் தடவையா எழுதுறேன். என் வீட்டுக்காரர் முதல்நிலைக் காவலர். அவரு எழுத முடியாது, அதனால நான்.

வடகரை அண்ணா, உங்க வீட்டுல பொங்கல் அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதுக்கு மனசு கஷ்டமா இருக்கு. எங்க வீட்டுப் பொங்கலைக் கேளுங்க. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பினாரு. ராத்திரி ரோல்கால், விடிய நாலு மணிக்குப் பாயிண்ட்ல நிக்கணும். அவரு குடும்பத்தோட பானையில பால் பொங்கினதைப் பார்த்து நாலு வருசம் ஆச்சு. பதினோரு மணிக்குப் பொட்டலச் சோறு வந்திருக்கு, புளிச்சுப்போன எலுமிச்சை சாதம். தூக்கிப் போட்டுட்டு ரெண்டு வாழைப்பழம் தின்னுட்டு நின்னிருக்காரு. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழட்டுறதுக்குள்ள போன். அலங்காநல்லூருக்கு ஆள் பத்தலையாம்.

2021ல வார ஓய்வுன்னு அரசாணை போட்டாங்க. தெருவே எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுச்சு. இப்பவும் ஓய்வு உண்டு, எழுத்துல. போன மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை அவரு ஓய்வுன்னு பதிஞ்சிருக்கு, ஆளு ரெண்டு நாளும் கோரிப்பாளையத்துல நின்னாரு. ஏன்னு கேக்கச் சங்கம் கிடையாது. போலீஸ்காரங்க சங்கம் வைக்கக்கூடாதுன்னு 1966லயே சட்டம் இருக்காம். கேட்டா மெமோ. மெமோவுக்கு மேல கேட்டா 3(பி) சார்ஜ், அதாவது துறை நடவடிக்கை. அப்புறம் இன்க்ரிமெண்ட் நின்னுபோகும், ப்ரமோஷன் தள்ளிப்போகும்.

பொம்பளை போலீஸ் பாடு இன்னும் கொடுமை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா, திருவிழா டூட்டின்னா முந்தின நாள் மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்கும். போற இடத்துல ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோன்னு. 1973லயே பொம்பளைங்களைச் சேர்த்துட்டாங்கன்னு அம்பது வருச விழா எல்லாம் கொண்டாடினாங்க. ஒரு கக்கூஸ் வண்டி எங்க நிக்குதுன்னு முன்கூட்டியே சொல்ல இன்னும் ஆள் இல்ல.

கறுப்புக்கோட்டு

காக்கிவீடு தங்கச்சி, எழுதினதுக்கு நன்றி. அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைக்கிற ஆர்டர்லி கதையும் இதே மாதிரிதான். 1979லயே ஒழிச்சாச்சுன்னு அரசாணை. 2022ல ஹைகோர்ட் "இன்னும் ஏன் இருக்கு"ன்னு கேட்டு, மறுபடி ஒழிக்கச் சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒரு பக்கம் ஸ்டேஷன்ல ஆள் இல்ல, இன்னொரு பக்கம் காக்கிச் சட்டைக்காரர் யாரோ ஒருத்தர் வீட்டு நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறாரு. தலைமையோட கஷ்டம்னு நாம பேசுறதுல இந்தக் கஷ்டம் மட்டும் தலைமையே உண்டாக்கினது. இதுல எனக்கு இரக்கம் கிடையாது.

ஜிகர்தண்டா_99

ஏட்டையா சொல்றதெல்லாம் பழைய திருட்டு. புதுத் திருட்டுக்கு வாடிவாசலும் தெரியாது, பொங்கலும் தெரியாது.

டெலிகிராம்ல பார்ட் டைம் வேலைன்னு சொல்லி எங்கிட்ட 2.4 லட்சம் அடிச்சாய்ங்க. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நான் எஞ்சினியரிங் படிச்சவன். உடனே சைபர் மோசடிக்கு உள்ள 1930 நம்பருக்கு அடிச்சேன். மொதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சொன்னதால கொஞ்சம் பணம் நடுவழியில நின்னுச்சு, மிச்சம் நாலு அக்கவுண்ட் தாண்டிப் போயிருச்சு. அதுல ஒரு அக்கவுண்ட் நம்ம மேலூர்ப் பக்கம் ஒரு காலேஜ் பையன் பேர்ல. அஞ்சாயிரம் ரூபாய்க்குப் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் யாருக்கோ குடுத்திருக்கான். அவனுக்கு அது குத்தம்னே தெரியல, அவங்கப்பா ஸ்டேஷன் வாசல்ல உக்காந்து அழுறாரு.

சைபர் ஸ்டேஷன்ல என் கேஸைப் பார்த்தது ஒரு காவலர், ஆயுதப்படையில இருந்து வந்தவர். பி.இ. முடிச்சவருங்கிறதால இங்க போட்டிருக்காங்க. தனியா பயிற்சி எல்லாம் பெருசா இல்ல, வந்து பழகிக்கிட்டேன்னாரு. தங்கமான மனுசன். பேங்குக்கு மெயில் போட்டுட்டு உக்காந்திருந்தாரு. நடுவுல போன் வருது, எந்திரிச்சுப் போறாரு. என்னண்ணேன்னு கேட்டா, "கட்சிக் கூட்டத்துக்கு ஆள் கேக்குறாங்க". கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளைக் கொண்டுபோய்ப் பேரிகார்டு பிடிக்க நிறுத்துனா என்ன சொல்றது?

உசிலைக்காரன்

எல்லாரும் டவுனைப் பத்தியே பேசுறீக. மேற்க வந்து பாருங்க.

எங்க பக்கம் போலீஸ்னாலே ஒரு பழைய கணக்கு உண்டு. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். ரேகைச் சட்டம்னு நாங்க சொல்ற குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குக் கைநாட்டு வைக்க மாட்டோம்னு சொன்ன சனத்தைச் சுட்டாய்ங்க. பதினாறு உசுரு, அதுல மாயக்காள்னு ஒரு பொம்பளையும். 1947 வரைக்கும் அந்தச் சட்டம் எங்க பாட்டன் கழுத்துல கிடந்துச்சு. ராத்திரியானா போய்ச் சாவடியில படுக்கணும், வெளியூர் போனா சீட்டு வாங்கணும். அதுக்கு முன்னாடி ஊர்க்காவலே எங்க ஆளுகதான் பார்த்தாக. காவக்காரனையே களவாணின்னு எழுதி வச்ச சட்டம் அது. இன்னைக்கு வர்ற இளவட்ட எஸ்.ஐ.க்கு இது எதுவும் தெரியாது. வந்ததும் "இந்த ஊரு அப்படித்தான்"னு ஆரம்பிப்பாரு. அப்புறம் யாரு சாட்சி சொல்ல வருவா?

அதுக்காக இப்ப நடக்கிறதை நியாயம்னு சொல்லலை. 2025 மார்ச்சுல எங்க பக்கத்துல ஒரு காவலரையே கல்லால அடிச்சுக் கொன்னுட்டாய்ங்க. டூட்டியில இல்லாத நேரம், கஞ்சா கேஸ்ல இருந்தவனுக்குப் புத்தி சொல்லப் போயி. அவருக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல. கஞ்சாதான் இப்ப எங்க பக்கத்து நோவு. இருபது கிலோவுக்கு மேல பிடிச்சாத்தான் பெரிய கேஸ், அதனால பொட்டலம் விக்கிறவன் கூசாம திரியுறான். உள்ள போனவன் ஜாமீன்ல வந்து, சொல்லிக்குடுத்தவன் வீட்டு வாசல்லயே வண்டியை நிறுத்தி ஆரன் அடிக்கிறான். சொல்லிக்குடுத்தவனைக் காப்பாத்த முடியாத எஸ்.பி.க்கு எவன் துப்புச் சொல்லுவான்?

ஏட்டையா_ஓய்வு

உசிலைத் தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. அந்த ஊர்கள்ல ரெண்டு வருசம் இருந்தாத்தான் யாரு எவர்னே தெரியும். எந்த டீக்கடையில உக்காந்தா எந்த விசயம் வரும், எந்தப் பெரியவர்கிட்ட சொன்னா ஊர் கேக்கும்னு பிடிபடவே ஒரு வருசம் ஆகும். பிடிபட்டதும் மாத்தல் ஆர்டர் வந்துரும்.

கறுப்புக்கோட்டு

அதுக்கும் உத்தரவு இருக்கு. 2006 செப்டம்பர் 22, பிரகாஷ் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட். டி.ஜி.பி., ஐ.ஜி., எஸ்.பி., ஸ்டேஷன் பொறுப்பாளர், எல்லாருக்கும் குறைஞ்சது ரெண்டு வருசம். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரி, மாத்தலுக்குத் தனி வாரியம் வை, புகார் ஆணையம் வைன்னு வரிசையா சொல்லுச்சு. தமிழ்நாடு 2013ல ஒரு சட்டம் போட்டு அதைத் தன் வசதிக்கு மடிச்சுக்கிச்சு. 2025 ஆகஸ்ட் 31ல டி.ஜி.பி. ஓய்வு பெற்றப்ப, அந்த இடத்துக்கு வந்தவர் பொறுப்பு டி.ஜி.பி.தான். உச்சியில வந்தவரே பொறுப்புன்னா, கீழ இருக்கிற எஸ்.பி. எந்தத் தைரியத்துல ஒரு எம்.எல்.ஏ. போனுக்கு "முடியாதுங்க"ன்னு சொல்லுவாரு?

சாத்தான்குளம் இன்னும் யாருக்கும் மறந்திருக்காது. 2020 ஜூன். அந்த வழக்கு நடந்தது நம்ம மதுரைக் கோர்ட்டுல. அந்த ஸ்டேஷன்ல கேமரா இருந்துச்சு, ஆனா பதிவு அன்னன்னைக்கே அழியுற மாதிரி வச்சிருந்தாங்கன்னு மாஜிஸ்திரேட் அறிக்கை சொல்லுச்சு. அதே வருசம் டிசம்பர்ல இன்னொரு வழக்குல சுப்ரீம் கோர்ட், எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வேணும், பதிவு 18 மாசம் இருக்கணும்னுது. இப்ப ஒவ்வொரு ஆட்கொணர்வு மனுவுலயும் நான் அந்தப் பதிவைக் கேக்குறேன். ஒருதடவை "இடி விழுந்து கெட்டுப்போச்சு"ன்னு பதில் வந்துச்சு. அந்த மாசம் மதுரையில மழையே இல்ல.

முக்குக்கடை_முத்து

😂 இடி கரெக்டா கேமராவுல மட்டும் விழுந்திருக்கு.

திருப்பரங்குன்றத்துல டிசம்பர்ல கோர்ட் ஏத்தச் சொல்லியும்

நெறியாளர்

முத்து, உங்க பதிவோட மிச்சத்தை நீக்கியிருக்கேன். மலை விசயத்துக்குத் தனி இழை இருக்கு, அதுவே பூட்டிக் கிடக்கு. இங்க போலீஸைப் பத்தி மட்டும்.

காக்கிவீடு

நெறியாளர் நீக்கினது நல்லது. ஆனா ஒரு வார்த்தை. அந்த மாதிரி நேரத்துல கீழ நிக்கிறவங்க நெலமையை யாரும் கேக்குறதில்ல. இவரு அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, "ரெண்டு பக்கமும் எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி. ஒருத்தன் என்கூட ஸ்கூல்ல படிச்சவன்"னாரு. அப்புறம் சோறு திங்கலை.

2023 ஜூலையில கோவையில ஒரு டி.ஐ.ஜி. தன் உசுரை முடிச்சுக்கிட்டாரே, ஞாபகம் இருக்கா? எங்க தேனிப் பக்கத்துக்காரர்தான். அவ்வளவு பெரிய பதவியில இருந்தவருக்கே அப்படின்னா, இவரு பேசாம உக்காந்திருக்கிற ராத்திரியில எனக்குத் தூக்கம் வர்றதில்ல. மனநலப் பயிற்சின்னு ஒண்ணு நடத்துறாங்க, போயிட்டு வந்தாரு. நல்லா இருந்துச்சுன்னாரு. பயிற்சி முடிஞ்ச அன்னைக்கு நைட் ரவுண்ட்ஸ் போட்டிருந்தாங்க.

ஏட்டையா_ஓய்வு

தங்கச்சி, அவரைப் பேச வைம்மா. எதைப் பத்தியாவது, கிரிக்கெட்டைப் பத்தியாவது. எங்க காலத்துல நாங்க பேசத் தெரியாம பாட்டிலைத்தான் தேடினோம். வேணும்னா நெறியாளர்கிட்ட என் நம்பர் கேட்டு வாங்கி அவருகிட்ட குடும்மா.

ஜிகர்தண்டா_99

புதுச் சட்டம் வந்தது நல்லதுதானே? சோதனையை வீடியோ எடுக்கணும், ஏழு வருசம் அதுக்கு மேல உள்ள குற்றத்துக்குத் தடயவியல் ஆளு வந்தே ஆகணும்னு எல்லாம் இருக்கே. அடிக்காமலே கண்டுபிடிக்க வழி அதுதானே?

காக்கிவீடு

வழிதான் தம்பி. வீடியோ எடுக்கிற போன் யாரோடதுன்னு கேளு. இவரு சொந்தப் போன்ல பாதி இடம் களவு நடந்த வீட்டுப் பீரோதான். எங்க பாப்பா பொறந்தநாள் வீடியோவை அழிச்சுட்டுத்தான் ஒரு சோதனையை எடுத்தாரு.

கறுப்புக்கோட்டு

வீடியோவை ஏத்த செயலி வந்திருக்கு. தடயவியலுக்கு மாநிலங்களுக்கு அஞ்சு வருசம் அவகாசம் குடுத்திருக்காங்க. கோர்ட்டுல குறுக்கு விசாரணைன்னா "வீடியோ எங்க"ன்னுதான் இப்ப என் மொதல் கேள்வி. அதிகாரிங்களுக்கு என் மேல கோவம் இருக்கும். ஆனா அந்த வீடியோ இருந்தா அவங்க கேஸ் நிக்கும், அடிச்சு வாங்கின ஒப்புதல் வாக்குமூலம் எந்தக் காலத்துலயும் நின்னதில்ல.

வடகரைக்காரன்

பதினோரு நாள் கழிச்சு வர்றேன். கோவத்துல ஆரம்பிச்ச இழை, இப்ப யாரு மேல கோவப்படுறதுன்னே தெரியல.

வக்கீல் அண்ணன் சொன்ன மாதிரி பதிவுத் தபால் போட்டேன். அஞ்சாம் நாள் எஃப்.ஐ.ஆர். நகல் வந்துருச்சு. மறுநாள் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டரே வீட்டுக்கு வந்தாரு, கூட ஒரே ஒரு காவலர். ரெண்டு பேரும் எங்க தெரு முக்குல இருந்து ஒவ்வொரு கடையா, ஒவ்வொரு வீடா கேமராவைப் பார்த்துக்கிட்டே நடந்தாங்க. பால் பூத்துல ஒண்ணு, மெடிக்கல்ல ஒண்ணு, கல்யாண மண்டபத்துல ஒண்ணு. மண்டபத்துக் கேமராவுல வண்டி தெரியுது, நம்பர் பிளேட்டு போலி. ரெண்டு மணி நேரம் நடந்திருப்பாங்க. அம்மா மோர் குடுத்தாங்க, நின்னுக்கிட்டே குடிச்சாங்க.

அப்புறம் போன்ல அஞ்சாறு போட்டோ காட்டி, "இதுல யாருன்னு தெரியுதாம்மா?"ன்னு கேட்டாரு. நான் பின்னாடி நின்னு பார்த்தேன். ஒருத்தன் எங்க பழைய வீட்டுத் தெருப் பையன், ஒரு தடவை செல்போன் திருடி உள்ள போயிட்டு வந்தவன். சத்தியமா சொல்றேன், என் வாயில அவன் பேர் வந்துருச்சு. "இவனாத்தான்மா இருக்கும், நல்லாப் பாருங்க"ன்னேன். அம்மா கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டு ரெண்டு தடவை பார்த்தாங்க. "ஹெல்மெட்டுதான்யா தெரிஞ்சுச்சு. மூஞ்சியை நான் பார்க்கலை. பார்க்காததை எப்படிச் சொல்லுவேன்?"

இன்ஸ்பெக்டர் ஒண்ணும் சொல்லலை. போட்டோவை மூடிட்டு என்னை மட்டும் ஒருதரம் பார்த்தாரு. அன்னைக்கு ராத்திரி மடப்புரத்தைப் பத்தி வக்கீல் அண்ணன் எழுதினதைத் திரும்பப் படிச்சேன்.

முக்குக்கடை_முத்து

சங்கிலி?

வடகரைக்காரன்

இல்ல. போலி நம்பரை வச்சு டோல்கேட் பக்கம் தேடிக்கிட்டு இருக்காங்களாம். அடுத்து எப்ப சார் வருவீங்கன்னு கேட்டேன். "தெப்பத் திருவிழா முடியட்டும் தம்பி, ரெண்டு நாள் நான் வண்டியூர்ல நிப்பேன்"னாரு.

ஏட்டையா_ஓய்வு

அம்மா கழுத்துப் புண்ணு ஆறிருச்சா?

வடகரைக்காரன்

ஆறிருச்சுங்கய்யா. தாலியை மஞ்சக்கயித்துல கோத்துப் போட்டிருக்காங்க. கோலம் இப்ப ஏழு மணிக்கு மேலதான் போடுறாங்க, அப்பா நாற்காலி போட்டு வாசல்ல உக்காந்திருக்காரு.